நசீமா சரியாகத்தான் அளந்தாள்

மகனே,

நீ என்னிடம் ஒரு கடிதம் கேட்டிருக்கிறாய். உன் கொம்பனி முகாமையாளருக்குக் காட்டுவதற்காக, என் கையெழுத்தோடு, ஒரு பக்கத்துக்குள். கூட்டத்தில் நான் சொன்னது பிழையான கதை என்றும், போனில் நீ சொன்னதை நான் வேறு மாதிரி விளங்கிக்கொண்டேன் என்றும், வயது காரணமாக ஒன்றை இன்னொன்றோடு குழப்பிவிட்டேன் என்றும் அதில் இருக்க வேண்டுமாம். நான் சிரமப்படக் கூடாது என்று எழுத வேண்டியதை நீயே எழுதி அனுப்பியிருக்கிறாய். பார்த்து எழுதினால் போதும். உன் அப்பா போனை எட்டப் பிடித்துக்கொண்டு எனக்கு அதை வாசித்துக் காட்டினார். 'வயது காரணமாக' என்ற இடம் வந்தபோது அவருக்கே குரல் இறங்கிவிட்டது. இன்றைக்கும் கோழித் தீன் மூடையை நானேதான் தூக்கிக் கொட்டுகிறேன். எந்தக் கூட்டில் எந்தக் கோழி இரண்டு நாளாக முட்டை இடவில்லை என்று கேட்டால் எழும்பிப் போய்ப் பார்க்காமலே சொல்லுவேன். என்னை மறதிக்காரியாக்க நான் பெற்ற பிள்ளை வந்திருக்கிறான்.

கடிதம் எழுதுகிறேன். ஆனால் நீ கேட்ட கடிதம் இது அல்ல. உனக்கு அனுப்புகிற கையோடு இதை எங்கள் கோழி வளர்ப்போர் சங்கத்திலும் வாசிக்கக் கொடுக்கப் போகிறேன். நீ என் சிநேகிதி நசீமாவைக் குறை சொன்னது சபையில். அதற்கான மறுமொழியும் சபைக்குத்தான் வர வேண்டும். உன்னையும் என்னையும் தெரியாதவர்களும் வாசிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்லுகிறேன். பொறுமையாக வாசி.

தம்பலகாமத்தில் வீட்டுக்குப் பின்வளவில் நான் முட்டைக் கோழி வளர்க்கத் தொடங்கியபோது நீ பள்ளிக்கூடப் பிள்ளை. அப்பா நிலாவெளிப் பாதையில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். கோழி வளர்ப்புப் பயிற்சி ஒன்று வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போன இடத்தில்தான் நசீமாவைக் கண்டேன். கிண்ணியாவில் இருந்து வந்திருந்தாள். அவளுடைய கணவர் கொட்டியாரக் குடாவில் இறால் பிடிக்கிறவர். கடல் ஒரு நாள் கொடுக்கும், ஒரு நாள் கொடுக்காது, எனக்கென்று ஒரு தொழில் வேண்டும் என்று அன்றைக்கே சொன்னாள். அதற்குப் பிறகு குஞ்சு எடுப்பதென்றாலும் தடுப்பூசி என்றாலும் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கேட்காமல் செய்ததில்லை. நீ கம்பஸுக்குப் படிக்க எடுபட்ட செய்தி கேட்டு அவள் வட்டிலப்பம் அவித்துக்கொண்டு பஸ் ஏறி வந்தது உனக்கு நினைவிருக்க வேண்டும். 'எங்கட புள்ள கோழிக்குப் படிக்கப் போறான்' என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எங்கட புள்ள என்றுதான் சொன்னாள்.

நீ படித்ததில் எனக்குக் கிடைத்த முதல் பயனை நான் மறக்க மாட்டேன். அந்த வருடம் கோழியோடு கொஞ்சம் தாரா வாத்துக் குஞ்சும் வாங்கி விட்டிருந்தேன். மாரி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. தீன் மூடைகளைச் சீமெந்து நிலத்தில் சுவரோடு சாத்தி வைத்திருந்ததால் அடியில் ஈரம் ஏறியிருக்கிறது, எனக்குத் தெரியாது. முதலில் தாராக் குஞ்சுகள் நடக்க ஏலாமல் தள்ளாடின. பிறகு ஒவ்வொன்றாகக் கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டு செத்தன. நீ விடுமுறைக்கு வந்திருந்தாய். குசினிக் கத்தியை எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றடிச் சீமெந்தில் வைத்து ஒரு குஞ்சைக் கீறினாய்.

"இஞ்ச பாருங்கோ அம்மா, சிவப்பா இருக்க வேண்டிய ஈரல் மஞ்சளாப் போச்சு. தொட்டா உதிருது."

ஈரம் பட்ட சோளனில் பூஞ்சணம் பிடிக்கும், பூஞ்சணம் ஒரு நஞ்சை விட்டுவிட்டுப் போகும் என்று நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய். வெயிலில் காயப்போட்டாலும் வறுத்தாலும் பூஞ்சணம் சாகுமே தவிர நஞ்சு போகாது என்றாய். தாரா உடனே காட்டிக்கொடுத்துவிடும், கோழி மெல்ல மெல்லத்தான் காட்டும் என்றாய். இதற்கு ஒரு மருந்தும் இல்லையா என்று கேட்டேன். "இருக்கு. குடலுக்குள்ள நஞ்சைப் பிடிச்சு வைச்சு எச்சத்தோட வெளிய அனுப்புற களிமண் பவுடர் இருக்கு. ஈரலுக்கு விற்றமின் இருக்கு. அதெல்லாம் பிறகு அம்மா. முதல்ல இந்தத் தீனைக் கொண்டுபோய்ப் புதைக்க வேணும்" என்றாய். மழைக்குள் நின்று நீயே கிடங்கு வெட்டினாய். மூடையில் பாதி நன்றாகத்தானே இருக்கிறது, அதையாவது எடுத்து வைப்போமே என்று நான் இழுத்தபோது, "கண்ணுக்கு நல்லதாத் தெரியிறதிலயும் இருக்கும்" என்று என் கையிலிருந்த சுளகை வாங்கிக் கொட்டினாய். படித்த பிள்ளை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்குள் ஒரு பெருமை.

உன் பவுடரை நான் பொய் என்று சொல்லவில்லை. இதைச் சபையும் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு மூடைகளைப் பலகைத் தட்டில் ஏற்றி, சுவரில் முட்டாமல் வைத்தேன். மாரி காலத்தில் நீ சொன்ன அளவுக்கு அந்தக் களிமண் பவுடரைத் தீனில் கலந்தேன். ஈரலுக்கென்று விற்றமின் ஈயும் செலனியமும் சேர்ந்த மருந்தைத் தண்ணீரில் விட்டேன். செலனியம் கூடினால் அதுவே நஞ்சு, கண்மதிப்பில் ஊற்றாதேங்கோ என்று நீ சொன்னதையும் மறக்கவில்லை. பலன் இருந்தது. முட்டை குறையவில்லை, ஓடு மெலியவில்லை. காற்றிலேயே ஈரம் நிற்கிற இந்தத் துறைமுகப் பக்கத்தில் நல்ல தீனுக்கும் ஒரு காவல் வேண்டும். அதற்கு அந்தப் பவுடர் உதவும். ஆனால் கெட்டுப்போன தீனை அது நல்ல தீனாக்காது. பூஞ்சணம் விடுகிற நஞ்சுகள் பல வகை, அதில் சிலதை அந்தக் களிமண் பிடிக்கவே பிடிக்காது. செத்த ஈரலை எந்த விற்றமினும் எழுப்பாது. இவ்வளவும் நான் எங்கும் படித்ததல்ல. நீ சொன்னது.

பிறகு உனக்கு அந்தக் கொம்பனியில் உத்தியோகம் கிடைத்தது. கொழும்புக் கொம்பனி. கோழிக்குக் கொடுக்கிற பவுடர், விற்றமின், மருந்து எல்லாம் செய்கிறவர்கள். எங்கள் மாவட்டம் முழுவதும் உன் பொறுப்பு என்றார்கள். மோட்டார் சைக்கிள் தந்தார்கள், பெயர் பொறித்த சேட் தந்தார்கள். உட்துறைமுகப் பக்கம் களஞ்சியம் வைத்திருக்கிற தீன் ஆலையோடு உங்கள் கொம்பனி ஓர் ஒப்பந்தம் செய்தது. ஆலையில் வாங்குகிற ஒவ்வொரு மூடையோடும் உங்கள் பவுடர் ஒரு பைக்கற். கடைகளில் எல்லாம் படம் ஒட்டினீர்கள். கொழுத்த கோழி ஒன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும், கீழே 'பூஞ்சணப் பயம் இனி இல்லை' என்று இருக்கும். எனக்கு அப்போதே அது பிடிக்கவில்லை. "நல்ல தீன் எண்டா ஏன் மூடையோட மருந்தும் கட்டித் தாறாங்கள்?" என்று உன்னைக் கேட்டேன். "அம்மா, உங்களுக்கு வியாபாரம் விளங்காது" என்று சிரித்தாய். எனக்கு விளங்கியது, மகனே. களஞ்சியத்துக் கூரை ஒழுகுகிறது என்று லொறிக்காரர் எல்லோருக்கும் தெரியும். கூரையைத் திருத்துவதை விடப் பைக்கற் கட்டிக் கொடுப்பது சுகம்.

போன மாரியில் ஒரு நாள் பகல் நீ போன் எடுத்தாய். நான் கூடு கூட்டிக்கொண்டிருந்தேன். வழமையாக எப்படி இருக்கிறீர்கள் என்றுதான் தொடங்குவாய். அன்றைக்கு அது கூட இல்லை.

"அம்மா, இந்த முறை ஆலையில தீன் எடுக்காதேங்கோ. கந்தளாயில எடுங்கோ."

"ஏன் தம்பி?"

"சும்மாதான். கந்தளாயில நல்ல சோளன் வந்திருக்காம்."

உன் சொல்லை நம்பிக் கந்தளாயில் எடுத்தேன். மூடைகள் வந்து இறங்கி இரண்டு நாள் போக, நல்ல சோளன் என்ற சந்தோசத்தில் நசீமாவுக்கும் போன் பண்ணிச் சொன்னேன். அதற்கு முதல் நாள்தான் அவள் ஆலையில் இருந்து மூடைகளை இறக்கியிருந்தாள். "பரவால்ல அக்கா. நம்மட மகன்ட பவுடர்தானே மூடையோட இரிக்கு. என்ன பயம்?" என்றாள். இந்த வசனத்தை நீ திரும்பவும் ஒருமுறை வாசி. உன் கொம்பனியை நம்பி அவள் அதைச் சொல்லவில்லை. வட்டிலப்பம் கொண்டுவந்து தந்த பிள்ளையை நம்பிச் சொன்னாள்.

சில கிழமை போக, அவள் கூப்பிட்டாள். குரலே சரியில்லை. நான் கிண்ணியாப் பாலம் தாண்டிப் போய் இறங்கி அவளுடைய வளவுக்குள் போனால், கோழிகள் சிறகைத் தொங்கவிட்டுக்கொண்டு மூலையில் ஒதுங்கி நிற்கின்றன. கொண்டை எல்லாம் வெளிறிப்போயிருந்தது. கூடைக்குள் கிடந்த முட்டைகள் சிறுத்து, கையில் எடுத்தால் நொறுங்குகிற மாதிரி. தீன் மூடைக்குள் கையை விட்டேன். உள்ளே கட்டி கட்டியாக இறுகியிருந்தது. ஒரு கட்டியை உடைத்தபோது பச்சைத் தூள் பறந்தது. பழைய நனைந்த சாக்கு மணம். ஒவ்வொரு மூடைக்கும் ஒரு பைக்கற், பைக்கற்றுக்குள் இருந்த கோப்பையால் அளந்து, முதலில் கொஞ்சத் தீனில் பிசிறிப் பிறகு முழுவதிலும் கலந்ததாகச் சொன்னாள். நீங்கள் அச்சடித்துக் கொடுத்த துண்டில் உள்ளபடிதான். காலிப் பைக்கற்றுகளை எல்லாம் வேலியோடு ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தாள்.

மிருக வைத்தியர் வந்து செத்த கோழி ஒன்றைப் பேப்பர் விரித்து அதில் வைத்துக் கீறினார். எனக்கு அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கிணற்றடியில் நீ காட்டிய அதே ஈரல். விரல் பட்டதும் உதிர்ந்தது. "பவுடர் போட்டபடியாத்தான் இவ்வளவாவது நிக்குது. இந்தத் தீனுக்கு எந்தப் பவுடரும் காணாது" என்றார். முட்டையை என்ன செய்வது என்று நசீமா கேட்டாள். நஞ்சு முட்டையிலும் இறங்கியிருக்கலாம், விற்க வேண்டாம் என்றார். அவள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு போய்க் குழிக்குள் கொட்டினாள். யாரோ ஒரு பிள்ளை காலையில் அந்த முட்டையைத் தின்றுவிடுமே என்ற எண்ணம் அவளுக்கு உடனே வந்தது, மகனே. ஆலைக்காரருக்கு வரவில்லை. உன் முகாமையாளருக்கு வரவில்லை. உனக்கும் வரவில்லை. அவள் அழவும் இல்லை. திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்: "நான் எதில பிழ உட்டன் அக்கா?"

அதற்கு மறுமொழி கேட்டுத்தான் அவள் அன்றைக்கு உன் கூட்டத்துக்கு வந்தாள். சண்டை பிடிக்க வரவில்லை. மண்டபம் நிறையக் கதிரை போட்டு, தேநீரும் பணிசும் வைத்து, திரையில் படம் காட்டி நீ விளங்கப்படுத்திக்கொண்டிருந்தாய். நான் கடைசி வரிசையில் இருந்தேன். என்னைக் கண்டு சிரித்தாய். நானும் சிரித்தேன். நன்றாகத்தான் பேசினாய், உன் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. நீ முடித்ததும் நசீமா எழும்பினாள்.

"மகன், நீங்க சொன்ன மாதிரிதான் நான் பவுடர் போட்ட. ஆனா என்ட கோழி எல்லாம் செத்துப் பெய்த்து. ஏன் மகன் அப்பிடி?"

"அளவு பிழையாப் போட்டிருப்பீங்கள்."

"இல்ல மகன், உங்கட கோப்பையாலதான் அளந்த."

"அப்ப சரியாக் கலந்திருக்க மாட்டீங்கள். மேலால தூவிவிட்டா அது வேலை செய்யாது. துண்டில எல்லாம் போட்டிருக்கு. வாசிச்சு விளங்காட்டி ஆரிட்டையாவது கேட்டிருக்கலாம்."

முன் வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். நீ அவர்களைத் தடுக்கவில்லை, அடுத்த கேள்விக்குக் கை காட்டினாய். நசீமா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "சரி மகன், என்ட பிழையாத்தான் இரிக்கும்" என்று சொல்லிவிட்டு இருந்தாள். கோழி செத்ததைக் கூட நான் தாங்கிக்கொண்டேன். இதை என்னால் தாங்க ஏலாமல் போய்விட்டது. அவ்வளவு நேரமும் எனக்குக் கந்தளாய்ச் சோளன் நினைவே வரவில்லை. அவள் கதிரையில் சரிந்த அந்த நொடியில்தான் உன் போன் எதற்கு வந்தது என்று எனக்கு விளங்கியது. நான் எழும்பினேன்.

"தம்பி, அது நல்ல தீன் எண்டா, என்னை ஏன் எடுக்க வேண்டாமெண்டு சொன்னனீ?"

"அம்மா, அது வேற கதை. வீட்டில கதைப்பம்" என்றாய், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இது வீட்டுக் கதை இல்லை. என்ர கோழி நிக்குது, நசீமாட கோழி செத்துப்போச்சு. அவ போட்ட அதே பவுடரைத்தான் நானும் போட்டனான். எனக்கு உன்ர போன் வந்தது, அவவுக்கு வரயில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்."

அதற்கு மேல் நீ நிற்கவில்லை. திரையை அணைத்துவிட்டு மற்றக் கதவால் போனாய். நான் வீட்டுக்கு வந்தபோது உன் பையை எடுத்துக்கொண்டு படலையடியில் நின்றாய். அங்கே நீ சொன்னதை அப்பாவும் கேட்டார். "ஓம், எனக்குத் தெரியும்! ஆலை தீனில ஒரு மாதிரி எடுத்து அனுப்பி, கொம்பனி பரிசோதிச்சது. கூடாதெண்டுதான் வந்தது. வெளிய விட்டா என்ர வேலை போயிடும். உங்களுக்காகத்தானே அம்மா சொன்னனான்! அதுக்கு நீங்கள் எனக்குச் செய்த கைம்மாறு இதா?"

உங்களுக்காக. இந்த ஒரு சொல்லில்தான் எனக்குப் பற்றி எரிகிறது. தாயின் மேல் உள்ள பாசத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சொன்ன அதே பொய்யையாவது நீ அவளுக்கும் சொல்லியிருக்கலாம். கந்தளாயில் நல்ல சோளன் வந்திருக்காம் என்று ஒரு வார்த்தை. உன் கொம்பனிக்கும் தெரிய வந்திராது, உன் வேலையும் போயிராது, அவளுடைய கோழியும் நின்றிருக்கும். அதைக் கூட நீ செய்யவில்லை. நீ செய்ததைச் சொல்லட்டுமா? இந்தத் தீன் ஆகாது என்று தெரிந்தவர்களில் நீயும் ஒருவன். தெரிந்துகொண்டு உன் வீட்டுக் கதவை மட்டும் பூட்டினாய். பிறகு, தெரியாமல் வாங்கி அழிந்தவளைச் சபையில் வைத்து, உனக்கு அளக்கத் தெரியாது என்றாய். முன்னதைப் பயம் என்று நான் மன்னிக்கலாம். பின்னதற்கு என்ன பெயர் வைப்பது?

அந்தப் பைக்கற் எதற்குக் கட்டப்படுகிறது என்று இப்போது எனக்கு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. கோழியைக் காப்பாற்ற அல்ல. நனைந்த சோளனை நல்ல சோளனோடு கலந்து விற்றுவிட்டு, கோழி செத்தால் அளந்த கையைக் காட்டுவதற்கு. பவுடர் வேலை செய்தால் கொம்பனியின் கெட்டித்தனம். செய்யாவிட்டால் கிண்ணியாப் பெண்ணின் பிழை. இந்தக் கணக்கில் ஆலைக்காரர் எங்கேயும் வருவதில்லை, ஒழுகுகிற கூரை எங்கேயும் வருவதில்லை. நல்ல காரியத்துக்குக் கண்டுபிடித்த ஒரு மருந்தை அழுகலுக்கு அனுமதிச் சீட்டாக்கிவிட்டீர்கள். அந்தச் சீட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க உன்னைப் போன்ற படித்த பிள்ளைகளைப் பிடித்திருக்கிறார்கள். ஊர்ப் பிள்ளை சொன்னால் சனம் நம்பும் என்று அவர்களுக்குத் தெரியும்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நசீமாவின் வீட்டில் மிஞ்சியிருந்த மூடையில் இருந்து பரிசோதனைக்கு ஒரு மாதிரியைச் சங்கம் எடுத்து, மிருக வைத்தியர் மூலம் ஆய்வுகூடத்துக்கு அனுப்பியது. கோழிக்குக் கொடுக்கத் தகாத தீன் என்று வந்தது. அடுத்த கிழமை ஆலை லொறி ஊர் ஊராக வந்து மிஞ்சிய மூடைகளை ஏற்றிக்கொண்டு போனது. ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை, ஒரு வருத்தமும் தெரிவிக்கவில்லை. ஏற்றிய மூடைகள் எங்கே போய் இறங்கின என்பதும் எங்களுக்குத் தெரியாது. வெருகல் பக்கத்தில் யாருக்காவது மலிவாகப் போகாமல் இருந்தால் நல்லது. 'பூஞ்சணப் பயம் இனி இல்லை' என்ற படம் இன்னும் சந்தியில் ஒட்டினபடி இருக்கிறது. கொம்பனி உன்னைக் கூப்பிட்டு, தாயிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வா, உன் வேலை இருக்கும் என்றிருக்கிறது. நீயும் அதை வாங்க எழுதி அனுப்பியிருக்கிறாய்.

உன் அப்பா முதலில் உன் பக்கம்தான் நின்றார். அதையும் மறைக்கவில்லை.

"எழுதிக் குடு. பெடியன்ர வேலை. நாளைக்கு அவன் வேலையில்லாமல் நிண்டா உனக்குச் சந்தோசமோ?"

"சந்தோசப்பட மாட்டன். ஆனா பொய் எழுதவும் மாட்டன்."

சோறு போட்டும் அவர் சாப்பிடவில்லை. மறுநாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீ அனுப்பியதைத் தனியாக இருந்து திரும்ப வாசித்தார். பிறகு குசினி வாசலில் வந்து நின்று, "அவன் உன்னைப் பற்றி இப்படி எழுதியிருக்கக் கூடாது" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

ஆனால் என்னை ஆகக் கூடுதலாகக் கோபப்படுத்தியது நீயும் இல்லை, அப்பாவும் இல்லை. நசீமாதான். உன்னிடம் இப்படிக் கடிதம் கேட்கிறார்கள் என்று யாரோ சொல்லி அவளுக்குத் தெரிந்துவிட்டது. வெயிலுக்குள் வந்து இறங்கினாள். கதிரையில் இருக்கக் கூட இல்லை. "எழுதிக் குடுங்க அக்கா. புள்ளட வேல போகப்படா. கோழிய நான் திரும்ப வளப்பன். எனக்கு உங்களோட ஒரு கோவமும் வராது" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளையே ஏசிவிட்டேன். உனக்கு ரோசம் இல்லையா, உன்னைப் பார்த்துச் சிரித்தார்களே என்று கத்தினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "அவன் நம்மட புள்ளதானே" என்றாள். அழிந்துபோனவள் உன் வேலைக்காக என்னிடம் மன்றாடுகிறாள். அழித்தவர்களோடு நின்ற நீ உன் வேலைக்காக என்னைப் பொய் எழுதச் சொல்லுகிறாய். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார். உனக்கு முகம் சுடவில்லை என்றால் நான் மேற்கொண்டு எழுதுவதில் பயனில்லை.

எழுதத்தான் போகிறேன், ஏனென்றால் நீ இன்னும் என் பிள்ளை. பவுடர் விற்பதை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. அது வேண்டிய பொருள். இந்தக் கொம்பனியில் இல்லாவிட்டால் இன்னொரு இடத்தில் அதைத்தான் விற்பாய், விற்று நன்றாக இரு. ஆனால் ஒரு வளவுக்குள் போனால் பையைத் திறக்க முன்னம் மூடைக்குள் கையை விட்டுப் பார். மணந்து பார். தீன் ஆகாது என்றால், இதைக் கொட்டுங்கோ என்று சொல்லு, அன்றைக்கு ஒன்றும் விற்காவிட்டாலும் பரவாயில்லை. எங்கே வைக்கிறீர்கள், நிலத்திலா பலகையிலா என்று கேள். இது எவ்வளவுக்குக் காக்கும், எதற்கு மேல் காக்காது என்று விற்கும்போதே சொல்லு. கோழி செத்தது என்று ஒரு பெண் எழும்பிக் கேட்டால், முதலில் அந்த மூடையைக் கேள். அவளுடைய கையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதே. வேலை போனால் வீட்டுக்கு வா. சோறு இருக்கிறது. இங்கே உன்னை ஒருவரும் கேலி செய்ய நான் விடமாட்டேன். ஆனால் வேலைக்காகப் பொய்யோடு வந்தால் படலைக்கு உள்ளே உனக்கு நான் கொடுக்க ஒரு மறுமொழியும் இல்லை, அதற்கும் மறுமொழி சபையில்தான்.

இனி நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன், பிறகு மற்றவர்கள் மூலம் கேள்விப்பட்டேன் என்று சொல்லாதே. அந்தத் தீனைப் பற்றி மாவட்டத்தில் பொறுப்பான அதிகாரிகளுக்கு முறைப்பாடு எழுதியிருக்கிறோம். களஞ்சியத்தைப் போய்ப் பார்க்க வேண்டும், மூடைகளைப் பரிசோதித்த பிறகே விற்க வேண்டும், பைக்கற் கட்டிக் கொடுத்துவிட்டுத் தப்ப விடக் கூடாது என்று கேட்டிருக்கிறோம். முட்டையைக் குழியில் கொட்டியது வரை நடந்ததை நடந்தபடி நசீமா சொல்லச் சொல்லச் சங்கச் செயலாளர் எழுதினார். அவள் முதலில் கையெழுத்து வைக்கத் தயங்கினாள், உன் பெயர் வருமோ என்று. உன் பெயர் அதில் இல்லை. உன் போன் வந்த கதை இருக்கிறது, என் பிள்ளை சொன்னான் என்று நான் எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான். அவள் கையெழுத்து வைத்தாள். அவளுக்குக் கீழே நான் வைத்தேன். கொம்பனி பரிசோதித்ததும் கூடாது என்று முடிவு வந்ததும் நாங்கள் இருவரும் கண்ணால் கண்ட விடயம் அல்ல. அதைச் சொல்லக் கூடியவன் நீ ஒருவன்தான்.

எங்கள் கையெழுத்துக்குக் கீழே கொஞ்ச இடம் மிஞ்சியிருந்தது. அதிலே கோடு இழுத்து மூடப் போன செயலாளரை நான் மறித்தேன். வருகிற வெள்ளிக்கிழமை நசீமாவும் நானும் அதைக் கொண்டுபோய் அந்த அதிகாரிகளின் கையில் கொடுக்கிறோம். நீ வந்தால் அந்த இடத்தில் உன் கையெழுத்தோடு போகும். வராவிட்டால் அந்த இடம் அப்படியே வெறுமையாகப் போகும். இது யாருக்காக விட்ட இடம் என்று அவர்கள் கேட்டால், உண்மையைச் சொல்லுவேன்.

அம்மா